காலண்டர்ல ஒரே தேதி, அது எப்படி ஒன்னாச்சு?

பெரம்பூர்ல எங்க வீட்டு ஹால்ல ஒரு தினசரி காலண்டர் தொங்கும், தெருமுனை மளிகைக்கடைல வருஷா வருஷம் கொடுக்குறது. காலைல காபி குடிச்ச கையோட அப்பா முந்தின நாள் தாளை கிழிச்சு, மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சுக்குவார், பின்பக்கம் பால் கணக்கு எழுத. உள்ளங்கை அளவு தாள்தான், ஆனா நடுவுல பெருசா இங்கிலீஷ் தேதி, மேல தமிழ் மாசமும் தேதியும், ஒரு ஓரத்துல ஹிஜ்ரி, கீழ திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம்னு மூணு நாலு கணக்கு ஒன்னா இருக்கும். சில தாள்ல இன்னாரோட பிறந்த நாள், இன்னாரோட நினைவு நாள்னு பொடி எழுத்துல ஒரு வரியும் இருக்கும்.

டிசம்பர் 24 தாள்ல அப்படி ரெண்டு பேர். பெரியார் 1973ல, எம்ஜிஆர் 1987ல. ஒரு வருஷம் அதைப் பாத்துட்டு எங்க சித்தப்பா கேட்டார், "டேய், ரெண்டு பேரும் ஒரே தேதில போயிருக்காங்க பாரு, இது சும்மா நடக்குற விஷயமா?" அன்னைக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல. அதுலேர்ந்து ஒரே தேதில ரெண்டு சம்பவம் வந்தாலே இது எப்படி ஒன்னாச்சுன்னு தேடிப் பாக்குற பழக்கம் வந்துடுச்சு. தேடினா தெரியுது, நாம ஆச்சரியம்னு நினைக்கிற பாதி தேதிங்க தானா வந்து உக்காரல, யாரோ கொண்டு வந்து வச்சிருக்காங்க. சித்தப்பா கேட்ட கேள்விக்கு கடைசில வரேன், முதல்ல இந்த கொண்டு வந்து வச்ச தேதிங்களைப் பாத்துடுவோம், ஏன்னா அதுலதான் விஷயம் இருக்கு.

ஜனவரி 26 எடுத்துக்கோங்க. அரசியல் சட்டத்தை சபை ஏத்துக்கிட்டது 1949 நவம்பர் 26லயே. உடனே முழுசா அமலுக்கு கொண்டு வந்திருக்கலாம், ஆனா ரெண்டு மாசம் காத்திருந்து 1950 ஜனவரி 26க்கு வச்சாங்க. ஏன்னா 1929 டிசம்பர்ல லாகூர் காங்கிரஸ்ல பூரண சுயராஜ்யம்தான் லட்சியம்னு தீர்மானம் போட்டு, அதுக்கு உறுதிமொழி எடுக்க அடுத்த ஜனவரியோட கடைசி ஞாயித்துக்கிழமையை குறிச்சிருந்தாங்க, அது 1930 ஜனவரி 26. ஞாயிறுன்னா லீவு, ஜனம் கூடும். அதுக்கப்புறம் 1947 வரைக்கும் வருஷா வருஷம் அந்த தேதியைத்தான் சுதந்திர தினம்னு கொண்டாடிட்டு இருந்தாங்க. நிஜ சுதந்திரம் ஆகஸ்ட்ல வந்துட்டதால ஜனவரி 26 அனாதையா நின்னுச்சு, அதை விட மனசில்லாம குடியரசுக்கு கொடுத்தாங்க.

இது வரைக்கும் ஸ்கூல் புக்லயே வரும். அடுத்த கண்ணியைத்தான் நாம சேத்துப் பாக்கறதில்ல. அரசியல் சட்டம் 343வது பிரிவுல மத்திய அரசோட ஆட்சி மொழி இந்தி, ஆனா சட்டம் அமலுக்கு வந்த நாள்லேர்ந்து 15 வருஷத்துக்கு இங்கிலீஷும் தொடரும்னு போட்டிருந்தாங்க. 1950 ஜனவரி 26லேர்ந்து 15 வருஷம் எண்ணினா எங்க வந்து நிக்கும்? 1965 ஜனவரி 26. இந்தித் திணிப்பை எதிர்த்து மெட்ராஸ்ல பசங்க தெருவுக்கு வந்த அந்த ஜனவரி ஏன் ஜனவரியாச்சுன்னா இதுதான் காரணம், லாகூர்ல பாத்து வச்ச ஒரு ஞாயித்துக்கிழமை. இந்த சங்கிலியை முதல் தடவை எண்ணிப் பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, பொய் சொல்லல.

அந்த 26ஐ துக்க நாளா அனுசரிப்போம்னு திமுக அறிவிச்சுது. குடியரசு தினத்தன்னைக்கு துக்கமான்னு பெரிய பிரச்சனையாகி, நாளை ஒரு நாள் முன்னாடி தள்ளி 25க்கு வச்சாங்க. அதுக்கு சரியா ஒரு வருஷம் முன்னாடி, 1964 ஜனவரி 25ல, கீழப்பழூர் சின்னசாமி திருச்சில தன் மேல தீ வச்சுக்கிட்டு தமிழ் வாழ்கன்னு சொல்லி உயிரை விட்டிருந்தார். இன்னைக்கு மொழிப்போர் தியாகிகள் நாள் ஜனவரி 25ல வர்றதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. 1965ல 26ஆம் தேதி கோடம்பாக்கம் சிவலிங்கம், 27ஆம் தேதி விருகம்பாக்கம் அரங்கநாதன், ரெண்டு பேரும் அதே மாதிரி தீக்குளிச்சாங்க. மாம்பலம் பக்கம் ரயில்வே லைனுக்கு கீழ போற அரங்கநாதன் சப்வேயை தினமும் பைக்ல தாண்டறவங்க எத்தனையோ பேர், மழை பெஞ்சா தண்ணி நிக்குற இடம்னுதான் அந்தப் பேரே பல பேருக்குத் தெரியும். அடுத்த தடவை போகும்போது அந்த மூணு நாளை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

ஆகஸ்ட் 15ம் இதே ஜாதி. பிரிட்டிஷ்காரங்க முதல்ல சொன்ன கெடு 1948 ஜூன். அதை முன்னாடி இழுத்து 1947 ஆகஸ்ட் 15ன்னு வச்சவர் மவுண்ட்பேட்டன், அவர் தென்கிழக்கு ஆசியாவுல நேச நாட்டு படைகளுக்கு தளபதியா இருந்தவர், ஜப்பான் சரணடைஞ்ச 1945 ஆகஸ்ட் 15 அவர் வாழ்க்கைல பெரிய நாள், அதோட ரெண்டாவது வருஷ நாளைத்தான் தேதியா எடுத்தேன்னு பிற்பாடு அவரே சொன்னார். ஜப்பான் விழுந்த அதே நாள்தான் கொரியாவுக்கும் விடுதலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனில வேலை பாக்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், கூட இருக்குற கொரியாக்காரங்களுக்கும் அன்னைக்கு அவங்க ஊர்ல விடுதலை நாள். ரெண்டு நாட்டுக்கும் ஒரே தேதி அமைஞ்சது அதிசயமா தெரியும், ஆனா ரெண்டுக்கும் வேர் ஒன்னுதான், ஜப்பான் சக்ரவர்த்தி ரேடியோவுல பேசின அந்த மத்தியானம். அதே ஆகஸ்ட் 15ல 1872ல அரவிந்தர் பொறந்தது மட்டும் நிஜமாவே தற்செயல்.

நம்ம ஊர் கட்சிக்காரங்களுக்கு தேதி வைக்கிற கலை நல்லா தெரியும். 1949ல பெரியாரை விட்டு அண்ணா பிரிஞ்சு வந்து திமுகவை ஆரம்பிச்சது செப்டம்பர் 17, அது பெரியார் பொறந்த நாள். சண்டை போட்டுட்டு வந்தவங்க அவர் பொறந்த நாள்லயே கட்சியை ஆரம்பிக்கிறாங்கன்னா அதுல ஒரு செய்தி இருக்கு, நாங்க வேற வீடு கட்டினாலும் அஸ்திவாரம் உங்களோடதுதான்னு. பெரியாருக்காக கட்சி தலைவர் நாற்காலியையே காலியா விட்டு வச்சவர் அண்ணா, அவர் தேதியை யோசிக்காம வச்சிருப்பார்னு நான் நம்ப மாட்டேன். ரெண்டு நாள் முன்னாடி செப்டம்பர் 15 அண்ணாவே பொறந்த நாள், அது இயற்கையா அமைஞ்சது. மூணையும் சேத்துத்தான் முப்பெரும் விழா.

மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேர் வந்த தேதியும் அப்படித்தான். 1967 ஜூலை 18ல சட்டசபைல தீர்மானம், 1968 நவம்பர்ல பார்லிமெண்ட்ல மசோதா, அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் அன்னைக்கு. அதுக்கு அப்புறம் 20 நாள்தான் அண்ணா உயிரோட இருந்தார், பிப்ரவரி 3ல போயிட்டார். தமிழ்நாடு நாளை நவம்பர் 1ல வைக்கணுமா ஜூலை 18ல வைக்கணுமான்னு சமீபத்துல சண்டை நடந்துச்சே, அதுவும் இதே கேள்விதான், 1956ல எல்லை பிரிஞ்ச நாளா, பேர் வச்ச நாளா, எதை பொறந்த நாள்னு சொல்றதுன்னு.

பொங்கல்னு சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது, இது கொஞ்சம் சுத்தி வளைச்சு வரும், பொறுத்துக்கோங்க. கடற்கரைல ஐஸ் ஹவுஸ் இருக்குல்ல, விவேகானந்தர் இல்லம், 1897ல அவர் வந்து தங்கின இடம். அவர் பொறந்தது 1863 ஜனவரி 12. அன்னைக்கு மகர சங்கராந்தி, அதாவது நம்ம பொங்கல். ஜனவரி 12ல எங்கடா பொங்கல்னு கேப்பீங்க. அப்ப அங்கதான் இருந்துச்சு! தமிழ் மாசம் சூரியன் ராசிக்குள்ள நுழையறதை வச்சு, நட்சத்திரங்களை அடையாளமா வச்சு எண்றது, இங்கிலீஷ் காலண்டர் வெயில் மழை பருவத்தோட ஓடறது. நட்சத்திர வருஷம் பருவ வருஷத்தை விட சுமார் 20 நிமிஷம் நீளம். வருஷத்துக்கு 20 நிமிஷம்னா ஏறக்குறைய 70 வருஷத்துல ஒரு நாள் தள்ளிப் போகும். அதனால பொங்கல் 12லேர்ந்து நகந்து நகந்து இப்ப 14, 15ல நிக்குது, இன்னும் நகரும். இன்னைக்கு ஏப்ரல் 14 தாள்ல சித்திரை 1ம் அம்பேத்கர் பிறந்த நாளும் ஒன்னா இருக்கு, ஆனா அவர் பொறந்த 1891ல சித்திரை 1 அதுக்கு முன்னாடியே வந்துட்டு போயிடுச்சு. ரெண்டு தேதியும் பொறக்கும்போது ஒன்னா இல்ல, ஒன்னு நடந்து வந்து இன்னொன்னு பக்கத்துல நின்னிருக்கு.

இப்ப மெட்ராஸ் டே. 1639 ஆகஸ்ட் 22, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் இந்த மணல்மேட்டை கம்பெனிக்காரங்களுக்கு எழுதிக் கொடுத்த நாள், 2004லேர்ந்து ஊர் பூரா நடைப்பயணம், பேச்சு, போட்டோ கண்காட்சின்னு கொண்டாடறோம், நானும் ஜார்ஜ் டவுன்ல ரெண்டு தடவை நடந்திருக்கேன். அந்த தேதிலயே ரெண்டு சிக்கல். ஒன்னு, சாசனத்துல இருக்குறது ஜூலை 22, ஆனா கம்பெனி ஆளு பிரான்சிஸ் டே இங்க வந்து சேந்ததே ஜூலை 27, அதனால ஜூலைன்னு எழுதினது பிசகு, ஆகஸ்டாத்தான் இருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டாவது, அப்ப இங்கிலீஷ்காரங்க வச்சிருந்தது பழைய ஜூலியன் காலண்டர். 1582லயே போப் அதை திருத்திட்டார், கத்தோலிக்க நாடெல்லாம் மாறிடுச்சு, இங்கிலாந்து வீம்புக்கு மாறல. 1600கள்ல வித்தியாசம் 10 நாள். அப்போ அந்த ஆகஸ்ட் 22, இன்னைக்கு நம்ம சுவத்துல தொங்குற காலண்டர்ல செப்டம்பர் 1.

இதனால தேதி மாத்தணும்னு நான் சொல்ல வரல. ஆனா பக்கத்துல புதுச்சேரில பிரெஞ்சுக்காரங்க புது காலண்டர்ல இருந்தாங்க, இங்க கோட்டைல பழசு, 1700கள்ல வித்தியாசம் 11 நாள் ஆயிடுச்சு. 150 கிலோமீட்டர் சுமார்தான் தூரம், இங்கேர்ந்து தோணில கிளம்பி அங்க போய் இறங்கினா தேதி 11 நாள் தாண்டியிருக்கும். 1746ல பிரெஞ்சு தளபதி லா பூர்தொனே கப்பல்ல வந்து மெட்ராஸை பிடிச்சாரே, கோட்டை விழுந்த நாள் இங்கிலீஷ்காரங்க கணக்குல செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரங்க கணக்குல செப்டம்பர் 21. ரெண்டு புஸ்தகத்துல ரெண்டு தேதி பாத்து குழம்பாதீங்க, ரெண்டும் சரி. அந்த நேரம் புதுச்சேரில உக்காந்து டைரி எழுதிட்டு இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் வருஷம், தமிழ் மாசம், தேதின்னு போட்டு எழுதினார், அவருக்கு இந்தக் குழப்பம் இல்ல. கடைசில 1752ல இங்கிலாந்து இறங்கி வந்துச்சு, செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14ன்னு வச்சு நடுவுல 11 நாளை எடுத்துட்டாங்க. 1752 செப்டம்பர் 5ல மெட்ராஸ் கோட்டைல என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டா பதில், அப்படி ஒரு நாளே அவங்க கணக்குல கிடையாது.

ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் ஒரே தேதில, 1616 ஏப்ரல் 23ல இறந்தாங்கன்னு உலக புத்தக நாளுக்கு வருஷா வருஷம் மெசேஜ் வரும். ஸ்பெயின் புது காலண்டர், இங்கிலாந்து பழசு. ஷேக்ஸ்பியர் 10 நாள் கழிச்சுத்தான் போனார், செர்வான்டிசும் 22ல இறந்து 23ல அடக்கம் பண்ணவர்னுதான் சொல்றாங்க.

சரி, செப்டம்பர் 21க்கு வருவோம். 1746ல அன்னைக்கு கோட்டை விழுந்துச்சு, 1914ல அதுக்கு அடுத்த தேதி, செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன்காரங்களோட எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நின்னு குண்டு போட்டுச்சு, பர்மா ஆயில் டேங்க் பத்திக்கிட்டு எரிஞ்சது, ஹைகோர்ட் சுவத்துல அதுக்கு இன்னைக்கும் கல் பதிச்சிருக்கு. ரெண்டு தடவையும் கடல் வழியா, ரெண்டு தடவையும் செப்டம்பர் கடைசி. எம்டன் அந்த நேரத்துல வந்ததுக்கு காரணம் ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச உலகப்போர், ஆனா பாய்மரக் கப்பல் காலத்துல செப்டம்பருக்கு நிஜமாவே ஒரு அர்த்தம் உண்டு. அக்டோபர் நடுவுல வடகிழக்கு பருவமழை இறங்கிடும், அதுக்கப்புறம் நம்ம கடற்கரைக்கு வெளிய கப்பல் நங்கூரம் போட்டு நிக்க முடியாது, துறைமுகம்னு ஒன்னு கட்டாத காலம் அது. லா பூர்தொனேவே கொஞ்ச நாள் அசந்தார், அக்டோபர்ல புயல் வந்து அவர் கப்பல்களை உடைச்சுப் போட்டுச்சு.

மழை வச்ச தேதிங்களை சென்னைக்காரனுக்கு சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. 2015 டிசம்பர் 1 ராத்திரி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் 4 மிக்ஜாம், இன்னும் பின்னாடி போனா 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை கடல் எடுத்துக்கிட்டது. டிசம்பர் ராசி இல்லாத மாசம்னு எங்க தெருவுல நிறைய பேர் சொல்லுவாங்க. ராசிக்கு இதுல வேலையே இல்ல, வருஷ மழைல பாதிக்கு மேல மூணு மாசத்துல கொட்டுற ஊர் இது, வங்கக்கடல் புயல் பொறக்குற சீசன் இது, வெள்ளம் டிசம்பர்ல வராம மே மாசத்துலயா வரும். இதை விதின்னு விட்டுட்டா, ஏரியை தூர் வாருறதையும் கால்வாயை சுத்தம் பண்றதையும் ஆகஸ்ட்லயே கேக்கணும்னு நமக்குத் தோணாம போயிடும், எனக்கு அதுதான் கவலை.

இப்ப சித்தப்பா கேள்வி. டிசம்பர் 24.

ஒரு கிளாஸ்ல 23 பேர் இருந்தா போதும், அதுல ரெண்டு பேருக்கு ஒரே பொறந்த நாள் இருக்க பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. 40 பேர்னா நூத்துக்கு 89. நம்ப முடியாது, ஆனா கணக்கு அப்படித்தான், ஏன்னா நாம ஒரு ஆளை மத்தவங்களோட ஒப்பிடல, ஒவ்வொருத்தரையும் ஒவ்வொருத்தரோடயும் ஒப்பிடறோம், 23 பேருக்குள்ள 253 ஜோடி வரும். நூறு வருஷ தமிழ்நாட்டுல நமக்கு முக்கியமான தலைவர்களை 40 பேர்னு வச்சாலே எங்கயாவது ரெண்டு பேர் ஒரே தேதில விழறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். வேலூர் ஆஸ்பத்திரில 94 வயசுல பெரியாரும், பதினாலு வருஷம் கழிச்சு ராமாவரம் வீட்டுல 70 வயசுல எம்ஜிஆரும் அப்படி விழுந்தவங்க, அதுக்கு மேல அந்த தேதிக்குள்ள ரகசியம் ஒன்னும் கிடையாது. சித்தப்பாவுக்கு இதை பேப்பர்ல எழுதிக் காட்டினேன், ஒரு நிமிஷம் பாத்துட்டு, "சரி, ஆனா ராஜாஜி?"ன்னார்.

அது என்னன்னா, ராஜாஜி இறந்தது 1972 டிசம்பர் 25, பெரியாருக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவா முன்னாடி. வாழ்நாள் பூரா எதிரெதிர் பக்கம், வாழ்நாள் பூரா நண்பர்கள், ரெண்டு பேருக்கும் சாகும்போது 94. ராஜாஜியை எரிச்ச இடத்துக்கு பெரியார் சக்கர நாற்காலில வந்து அழுதார். அடுத்த டிசம்பர்ல அவரும் இல்ல. இதுவும் கணக்குப்படி தற்செயல்தான், அதை சித்தப்பா கிட்ட சொன்னேன், ஆனா சொல்லும்போது எனக்கே தொண்டை அடைச்சுக்கிச்சு.

அதே வாரத்துல இன்னொரு தேதி, டிசம்பர் 26. 2003ல அன்னைக்கு விடியக்காலைல ஈரான்ல பாம் நகரம் நிலநடுக்கத்துல இடிஞ்சு விழுந்துச்சு, 26,000 பேருக்கு மேல போனாங்க. சரியா ஒரு வருஷம் கழிச்சு 2004 டிசம்பர் 26, சுமத்ரா பக்கம் கடலுக்கு அடில நிலநடுக்கம், நம்ம நேரம் காலை ஆறரை, ஒன்பது மணி சுமாருக்கு மெரினாவுல தண்ணி ஏறிடுச்சு. பல நாட்டுல சேத்து ரெண்டு லட்சத்துக்கு மேல, தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 8,000 பேர். பூமிக்கு அடில இருக்குற பாறைக்கு டிசம்பரும் தெரியாது, தேதியும் தெரியாது, ரெண்டு நிலநடுக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

காசிமேடு, பட்டினப்பாக்கம் குப்பத்துல வருஷா வருஷம் அந்தக் காலைல கடலுக்கு பால் ஊத்துவாங்க, பூ போடுவாங்க. அது இங்கிலீஷ் தேதிக்கு. வீட்டுல படையல் போடறதுக்கு திதி பாக்குற குடும்பமும் உண்டு, அவங்களுக்கு அந்த நாள் மார்கழி பௌர்ணமி, 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். நிலாக் கணக்கு வருஷத்துக்கு 11 நாள் சுமார் பின்னாடி ஓடும், நடுவுல ஒரு மாசம் சேந்து மறுபடி முன்னாடி வரும், அதனால ஒரே சாவுக்கு தேதி ஒரு நாள், திதி வேற நாள். ஆனா 235 நிலா மாசம் கிட்டத்தட்ட சரியா 19 வருஷம், அவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை ரெண்டு கணக்கும் திரும்ப பக்கத்துல வந்து நிக்கும். மிக்ஜாம் தண்ணி வடிஞ்சு மூணு வாரம் ஆன 2023 டிசம்பர்ல, ஒரு நாள் காலைல அப்பா முந்தின நாள் தாளை கிழிச்சார், கீழ இருந்த தாள்ல நடுவுல பெருசா 26, அடில பௌர்ணமி.